மென்று ஊட்டியவள்

சைரகானுக்கு ஒரு பழக்கம். எந்த வீட்டுக் குழந்தையைக் கண்டாலும் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து, பல் முளைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுவாள். எங்கள் மலையூர் அத்-பாஷியின் சந்தையில் முன்பின் தெரியாத குழந்தையிடம்கூட இதைச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். "என்னம்மா, குதிரை வாங்க வந்தியா, எம் புள்ளையப் பாக்க வந்தியா?" என்று ஒருத்தி கேட்டதைச் சந்தையே சொல்லிச் சிரித்தது. சைரகானும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு ரோஷம் வருகிற இடம் வேறு.

அந்த இடத்தின் பெயர் உர்குயா. சைரகானின் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி, நடுவில் ஒரு வேலி மட்டுமே உள்ள பக்கத்து வீட்டுக்காரி. கூட்டுப்பண்ணையில் மாடு கறந்துகொண்டிருந்த காலத்தில் சைரகானுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை தங்கவில்லை. உர்குயாவுக்கோ வருஷம் தவறாமல் தொட்டில் ஆடியது. மூன்றாவதும் பையனாகப் பிறந்தபோது வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, ஆட்டை அறுத்து, குழந்தையைச் சைரகான் மடியில் போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் இது காலங்காலமாக நடப்பதுதான். எர்நசார் என்று பெயர் வைத்தவளும் சைரகான்தான்.

உர்குயா பிள்ளையைக் கொடுத்தாளே தவிர, வாயை விடவில்லை. கல்யாண வீடு, துக்க வீடு எங்கே போனாலும் "எம் புள்ள எர்நசார்" என்று ஆரம்பித்துவிடுவாள். புதிதாக வந்தவர்களுக்கு அவனை அறிமுகம் செய்வதென்றால், "நான் பெத்தது, அக்கா வளக்குறா" என்பாள். மாட்டுக்குத் தீவனம் போடுகிறவளைச் சொல்வது போல இருக்கும். சைரகான் அந்த நேரத்தில் தேநீர்க் கிண்ணத்தை வைக்கிற சத்தத்திலேயே அவள் கோபம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனாலும் பெற்றவள் அவள்தானே.

மாட்டுப்பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததையெல்லாம் கக்கினான். அந்தக் குளிர்காலத்தில் தொட்டிலில் கிடந்த கோழிக்குஞ்சு மாதிரியான உருவத்தைப் பார்த்து, தேறாது என்று கைவிட்டவர்கள் உண்டு. சைரகான் விடவில்லை. ஆட்டுக்கறியை வேகவைத்து, வாயில் போட்டுக் கூழாகும்வரை மென்று, விரல் நுனியில் எடுத்து அவன் நாக்கில் தடவினாள். ரொட்டியையும் அப்படியே. ஊரில் எல்லாத் தாய்மாரும் செய்ததுதான். மற்றவர்கள் பல் முளைத்ததும் நிறுத்தினார்கள், இவள் அவன் ஓடியாடித் திரிகிற வயதிலும் நிறுத்தவில்லை. பையன் தெருவில் விளையாட்டை விட்டு ஓடிவந்து, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு, திரும்ப ஓடுவான்.

அப்படித் தேறியவன் ஆளே வாசலை அடைக்கிற அளவுக்கு வளர்ந்தான். நரின் நகரத்துக்கு நிலக்கரி லாரி ஓட்டினான். அவன் சிரிப்பு வேலி தாண்டிக் கேட்கும். கட்டியவள் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு வாழ்க்கை தேடிக்கொண்டபோதுகூட, "போறவளுக்குக் குதிரையை மட்டும் குடுக்கலம்மா, அதுவரைக்கும் லாபம்" என்று தாயைச் சிரிக்கவைக்கப் பார்த்தான்.

முப்பத்து நாலு வயதில் அவனுக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. கண்ணேறு என்று சைரகான் புகைபோட்டாள். உடம்பு பாதியாக இளைத்த பிறகுதான் தலைநகர் பிஷ்கெக்குக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைத் திறந்த மருத்துவர்கள், ஒன்றும் செய்யாமல் தைத்து அனுப்பிவிட்டார்கள். இரைப்பையில் புற்றுநோய், ஈரல்வரை போய்விட்டது.

அவன் பின்னாலேயே பெரிசாத் என்கிற இளம் டாக்டர் வந்தாள். வயிற்றில் வாழ்கிற ஒரு கிருமியைப் பற்றி ஆராய்கிறவள். நாள்பட்டுக் கிடந்தால் சிலருக்கு அது புண்ணாகி, சிலருக்குப் புற்றாகவும் ஆகிவிடுகிறதாம். எர்நசார் வயிற்றில் எடுத்த கிருமி அவளிடம் இருந்தது. குடும்பத்தில் யார் கிருமியோடு அது ஒத்துப்போகிறது என்று தெரிந்தால், குழந்தைகளுக்கு எப்படித் தொற்றுகிறது என்று புரியும் என்றாள். அதற்கு எல்லோரும் வயிற்றுக்குள் விட்டுக் கிருமி எடுக்கிற குழாயை விழுங்க வேண்டும்.

"நான் விழுங்குறேன்," என்றாள் உர்குயா முதல் ஆளாக. "பெத்தவ நான். என்னுது இல்லாம நீ என்னத்தக் கண்டுபிடிப்ப?"

இதில்கூடப் போட்டி. சைரகான் முந்திக்கொண்டு போய்ப் படுத்து, பதற்றத்தில் குழாயைக் கடித்துவைத்தாள். "பெரியம்மா, அது விலை ஒசந்த சாமான்," என்று டாக்டர் கெஞ்ச, "எம் புள்ளைய விடவா ஒசந்தது?" என்று கேட்டுவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள்.

பனி உருகத் தொடங்கியபோது பெரிசாத் மாத்திரைகளோடு திரும்பி வந்தாள். வீட்டிலிருந்த பெரியவர்கள் அத்தனை பேர் வயிற்றிலும் கிருமி இருந்தது. யாருடையது எர்நசாருடையதோடு ஒத்தது என்பதை மட்டும் எல்லோர் முன்னாலும் சொல்ல மறுத்துவிட்டாள். சைரகான் அவளை ஜீப் வரை விரட்டிக்கொண்டு போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிட்டுப் போ. யாரோடது?"

"எதுக்குப் பெரியம்மா? தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"அவகிட்ட இருந்து வந்துச்சா?"

டாக்டர் இல்லை என்று தலையாட்டினாள். "சித்தியோடது வேற வகை. உங்க மகனுக்கு இருந்தது அப்படியே உங்களோடது. சின்ன வயசுல ஊட்டுனப்போ போயிருக்கும். இந்த ஊர்ல பாதிப்பேருக்கு மேல இருக்கு, எல்லாருக்குமா புத்து வருது? நீங்க ஒண்ணும் கொல்லல. அத நல்லா மனசுல வச்சுக்குங்க."

ஜீப் போய்விட்டது. சைரகானுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன பயன், சந்தோஷம்தான். அவனுக்குள் இருந்தது அவளுடையது, உர்குயாவுடையது இல்லை. பிஷ்கெக் டாக்டரே சொல்லிவிட்டாள். வேலியைப் பார்த்து நாலு அடி நடந்தும்விட்டாள், உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்று. அப்புறம்தான் எதைச் சொல்லப் போகிறோம் என்பது உறைத்தது. சாணக் குவியலுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உர்குயாதான் வேலியைத் தாண்டி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"டாக்டர் சொல்லமாட்டேன்னதும் புரிஞ்சுபோச்சு அக்கா. என்னுதுதான். எனக்குச் சங்கடமா இருக்கும்னுதான் மறைக்குறா. கொடுக்கும்போதே நோயோட கொடுத்திருக்கேன். பாவி நான், ஒனக்கு நல்ல புள்ளையாக் கொடுக்கலையே!"

எத்தனையோ வருஷமாகக் குனியாத தலை குனிந்து அழுதது. ஒரு வார்த்தை போதும், அவள் பாரம் இறங்கிவிடும். சைரகான் வாயைத் திறந்தாள். உள்ளே எர்நசார் இருமுகிற சத்தம் கேட்டது. சன்னல் திறந்திருந்தது. அவன் காதில் விழுந்தால், நாளைக்குத் தன்னை எப்படிப் பார்ப்பான்? "அழாத, வீட்டுக்குப் போ," என்றாள். கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், பிள்ளை சாகக் கிடக்கும் வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும்.

பிறகு அவன் இருந்தது கொஞ்ச நாள்தான். சூப்பைக் கரண்டியில் எடுத்து வாயருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாதி வழியிலேயே திரும்பி வந்துவிடும். ஒருநாள் பிள்ளைக்குக் கறி மேல் ஆசை வந்துவிட்டது.

"கறி வாசன வருதே."

"ஒனக்கு இறங்காதுடா."

"சின்னதுல மென்னு குடுப்பியே. இப்பவும் குடேன்." சிரித்தான். பழைய சிரிப்பில் மூச்சு மட்டும் மிச்சம் இருந்தது. "கூழா இருந்தா இறங்கும்மா. நெசமாத்தான் சொல்றேன்."

இனி கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன? புத்திக்கு அது தெரிந்தது. கறித்துண்டை எடுத்து வாயில் போட்டும்விட்டாள். தாடை அசையவில்லை. பசித்த குழந்தை மாதிரி அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். துண்டைக் கையில் துப்பி மடியில் மறைத்துக்கொண்டாள்.

"எனக்கு இப்பப் பல்லு இல்லடா, கண்ணு."

பல்லெல்லாம் இருந்தது. அவனுக்கும் தெரியும். "சரி, கெழவி ஆயிட்ட போ," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். வாழ்நாளில் அவன் கேட்டு அவள் இல்லை என்று சொன்ன சாப்பாடு அது ஒன்றுதான்.

ஆப்பிள் பூத்த வாரத்தில் எர்நசார் போய்விட்டான். முற்றத்தில் கூடாரம் அடித்து அவனைக் கிடத்தினார்கள். வெளியே ஆண்கள் இடுப்பில் துணி கட்டி, கோலை ஊன்றிக் குனிந்து நின்று, வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓவென்று அலறினார்கள். உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். தலைமாட்டில் தாயின் இடத்தில் சைரகான். அவளை ஒட்டி, தானாகவே வந்து உட்கார்ந்துகொண்ட உர்குயா. யாரும் அவளை எழுப்பவில்லை.

உர்குயாவுக்கு எப்போதுமே நல்ல குரல். அன்றைக்கு அது கல்லையும் கரைத்தது. "பாலைக் கொடுக்காத பாவி நான், நோயை மட்டும் கொடுத்தேனே! எம் மகனே, பெத்த வயிறே ஒனக்குக் குழி வெட்டிருச்சே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். சுற்றி இருந்த பெண்கள் கேவினார்கள். அவள் சொல்வதைக் கேட்க, வெளியில் ஆண்களின் அலறல்கூடத் தாழ்ந்தது.

சைரகானால் அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஒப்பாரியில் சொன்னால் ஊரே கேட்கும், சொன்னதைத் திரும்ப வாங்கவும் முடியாது. தெரிந்தேதான் குரலை எடுத்தாள்.

"அவ கொடுக்கலடா கண்ணு, நான் கொடுத்தேன்! எம் பல்லால மென்னு, எம் வெரலால ஒன் நாக்குல வச்சேன்! டாக்டர் எங்கிட்டச் சொன்னா, நான் மறைச்சேன்! நீ பசின்னு கேட்டப்போ பல்லு இல்லன்னு பொய் சொன்னேன்!"

பிணம் கிடக்கும் இடத்தில் பெண்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. உர்குயா முழுசாகத் திரும்பி, ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்றே பக்கத்திலிருந்தவர்கள் நினைத்தார்கள். அவள் கை வரவில்லை. வாய் மட்டும் கோணியது.

"ஒம் மகன் போயிட்டான் அக்கா," என்றாள்.

பழியாகச் சொன்னாளா, விட்டுக்கொடுத்துச் சொன்னாளா, யாருக்கும் தெரியவில்லை. சைரகான் அதைப் பிரித்துப் பார்க்கவும் இல்லை.

"ஆமாடி," என்றாள். "எம் மகன்தான்."