நான் ஏற்றிய அரைக் கட்டை

கஸ்தூரியின் தொண்டை கெட்டுப்போகவில்லை. சுருதிப் பெட்டியை அரைக் கட்டை ஏற்றி வைத்து, சபை நடுவே அவள் குரலை உடைத்தவள் நான்!

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். காரணம் பொறாமை. அதற்குக் கொஞ்சம் மரியாதையான வேறு பெயர் இருக்கிறதா என்று இத்தனை காலம் தேடிப் பார்த்தேன்... கிடைக்கவில்லை.

எழுபதுகளில் நாங்கள் கும்மிடிப்பூண்டியில், ஓர் உருக்காலையின் ஊழியர் குடியிருப்பில் இருந்தோம். என் பிறந்தகம் திருவள்ளூர். பெருமாள் கோயில் கைங்கர்யக் குடும்பம். பாட்டு என்பது எங்கள் வீட்டுச் சொத்து என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அந்த நினைப்பில்தான் குடியிருப்புப் பெண்களைச் சேர்த்து ஓர் இசைக்குழு தொடங்கினேன்.

பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காகப் பாடுகிற எங்களைப் போன்றவர்களுக்கென்று டெல்லியில் ஓர் அகில இந்திய சம்மேளனம் இருந்தது. உறுப்பினராகச் சேர்ந்த குழுக்களுக்கு வாத்தியங்களை இரவல் தருவார்கள். ஆண்டுக்கொரு முறை ஆள் அனுப்பிப் பாட்டைக் கேட்பார்கள். நாயாய் அலைந்து எங்கள் குழுவை அதில் சேர்த்தவள் நான். சுருதிப் பெட்டி அவர்கள் கொடுத்தது. அதை என்னைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்று ஒரு வழக்கமும் ஏற்படுத்தி வைத்திருந்தேன்.

பிறகு கஸ்தூரி வந்தாள். ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கணவன் ஆலையில் சூப்பர்வைசர். யாரிடம் கற்றாய் என்று கேட்டேன்.

"யார்கிட்டயும் இல்லக்கா. எங்க நைனா நல்லா பாடுவாரு. அதக் கேட்டுக்கினே வளந்தேன், அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! அவள் வாயைத் திறந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. நான் வருஷக்கணக்காகச் சாதகம் செய்தும் வராத ஒரு குழைவு, காய்கறி நறுக்கிக்கொண்டே பாடும்போதும் அவளுக்கு வந்தது. கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் அவள் பாட்டுதான் வேண்டும் என்றாகிவிட்டது. நான் தொடங்கிய குழுவில், பெட்டியின் துருத்தியை அமுக்குவதுதான் எனக்கு மிஞ்சிய வேலை.

அந்த ஆண்டு சம்மேளனத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. வருகிறவர் எங்கள் குழுவிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். அவர் டெல்லி ஆண்டு விழாவில் தனியாகப் பாடலாம். யார் போவார்கள் என்று என் கணவரிடம் ஆசையோடு கேட்டேன்.

"கஸ்தூரிதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே.

அந்த நிமிஷத்தில்தான் முடிவு செய்தேனா? அதற்கும் முன்பேயா? எனக்கே தெரியவில்லை...

பாட்டு தெரிந்தவர்களுக்கு நான் செய்தது புரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாடுகிறவள் தன் குரலுக்குத் தகுந்த சுருதியில் நிற்கிறாள். பெட்டி அரைக் கட்டை ஏறினால் பாட்டு முழுவதும் அதோடு மேலே ஏறும். கஸ்தூரிக்கு ஐந்து கட்டை. அதில் மேல் பஞ்சமம் வரை போவாள். அதற்கு மேல் ஓர் இழைகூட இடமில்லை. வாராவாரம் ஒத்திகையில் கேட்ட எனக்குத் தெரியாதா? சம்மேளனத்து ஆள் வருகிற அன்றைக்கு அவள் எடுத்திருந்த பாட்டோ அந்த மேல் பஞ்சமத்தில்தான் போய் நிற்கும்.

அன்று நல்ல மழை. ஆலை கேன்டீன் ஹாலில் ஜமுக்காளம் விரித்திருந்தோம். பெட்டியை ஐந்தரையில் வைத்து அமுக்கினேன். மிருதங்கம் வாசிக்கிற ஃபிட்டர் ஏகாம்பரம் ஒரு தட்டு தட்டிப் பார்த்து நிமிர்ந்தார்.

"இன்னாம்மா, பொட்டி ஏறிக்கினு கீது?"

"பெட்டி எப்படி ஏறும்? மழை ஈரத்துல உம்ம தோல்தான் இறங்கியிருக்கு" என்றேன்.

ஈரத்தில் தோல் இறங்குவது உண்மைதானே! அவர் தலையை ஆட்டிக்கொண்டு வாரைத் தட்டி ஏற்றிக்கொண்டார். கஸ்தூரி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கண்ணை மூடினாள். நான் கொடுக்கிற சுருதியைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. சரணத்தில் மேலே போனாள்... உடைந்தது. திரும்ப எடுத்தாள். திரும்பவும் உடைந்தது! கழுத்தில் கையை வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்தாள். நான் துருத்தியை நிறுத்தவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆம், சந்தோஷம்! அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து நான் பாடினேன். மேலே ஏறாத பாட்டாகப் பார்த்து முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தேன். டெல்லிக்கு நான்தான் போனேன். அங்கே பாடியவர்களில் நானும் ஒருத்தி. ஒருவருக்கும் என் பெயர் நினைவில் நின்றிருக்காது.

திரும்பி வந்தபோது கஸ்தூரி பாடுவதை விட்டிருந்தாள்.

"தொண்ட பூட்ச்சுக்கா. இந்த ஃபாக்டரி பொகதான் தின்னுட்ச்சு. இனிமே இந்த ஊர்ல இருக்க மாட்டேன்னு அவராண்ட சொல்லிட்டேன்."

புகையா? உண்மை என் நாக்கு நுனி வரை வந்தது. "ஆமாம், எனக்கும் ஒரே இருமல்" என்றேன்! என்ன பிறவி நான்? அவள் கணவன் நிலையான வேலையை உதறிவிட்டு அவளை ஊருக்கு அழைத்துக்கொண்டு போனான். அந்தக் குடும்பத்தின் போக்கையே நான் மாற்றிவிட்டேன்.

சில வருஷங்கள் கழித்து, ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், ஆர்.கே.பேட்டை பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். "அக்கா!" என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் அவள் மகள், நாலைந்து வயது இருக்கும். நாங்கள் பேசிக்கொண்டிருக்க, குழந்தை தன் பாட்டுக்கு ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருந்தது. அதே குழைவு...

கஸ்தூரி சட்டென்று அதன் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதடீ! ஒனக்கும் என் தொண்டதான். நாளைக்கு நாலு பேர் முன்னாடி ஒடைஞ்சி நிக்கப் போற" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்கக்கா, உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். உன் தொண்டைக்கு ஒன்றும் இல்லை, நான்தான்... அது போதும்! சொன்னால் இந்தக் கை என் கையை விட்டுவிடும் என்று பயந்தேன்.

"அம்மா சொல்றதைக் கேளு கண்ணு" என்றேன்.

குழந்தை தலையை ஆட்டிவிட்டு, வாயை மூடிக்கொண்டது.