கழுத்தளவு பெயிண்ட்

மயிலாப்பூர் வீட்டை விற்றுவிட்டு, பெருங்குடி தாண்டி ஏரிக்கரையில் ஒரு காட்டேஜ் வாங்கலாமென்று நானும் மனைவியும் பார்க்கப் போனோம். நடைபாதை, படகு, பறவைகள் எல்லாம் உண்டு என்று புரோக்கர் அடுக்கிக்கொண்டே வந்தார்.

சுற்றுச்சுவருக்கு ஒருவர் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, நல்ல உயரமான ஆள். புருவமெல்லாம் வெள்ளைத் துளிகள். நாலடிக்கு ஒருமுறை சுவரை ஒட்டி நின்று, தன் கழுத்துக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். கோட்டுக்குக் கீழே மட்டும்தான் அடித்தார்.

"மேல அடிக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"மேல நல்லாத்தான் கீது சார். பெரிய மழைன்னா தண்ணி இதுவரிக்கும் ஏறும். வடிஞ்சதும் கறை தெரியாம அடிச்சுக் குடுக்கணும். எப்பவும் நான்தான்."

"தண்ணி ஏறும்போது எங்க இருப்பீங்க?"

"முன்னாடி இங்கயேதான், ஷெட்டுல. நானும் வூட்டுக்காரியும். நான் நின்னுக்கினேன் சார். அவ என்னவிட ஒண்ணரை சாண் குள்ளம்."

பிரஷ்ஷைத் தோய்த்து மறுபடியும் இழுத்தார். சுவரருகே நின்றிருந்த என் மனைவி மெல்ல விலகி வந்தாள்.

நாங்கள் வாங்கவில்லை. தன் மனைவியின் தலைக்கு மேல் போன தண்ணீரின் கறையை அந்த ஆள் எப்படித் தன் கையாலேயே மறைக்கிறார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.