ஆடாத பஸ்

அந்த அண்ணாச்சி காதில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருந்தார். தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் என்னை, தன் பழைய சினிமா புரொஜெக்டருக்குப் பெல்ட் மாட்டச் சங்கரன்கோவிலுக்குக் கூப்பிட்டிருந்தார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு படச்சுருள். அதில் படம் ஆடுகிறதாம். லென்ஸை மாற்றிப் பார்த்துவிட்டார். ஸ்க்ரூ எல்லாவற்றையும் முறுக்கிவிட்டார். மேஜைக் கால்களுக்கு அடியில் அவர் மடித்து மடித்து வைத்த அட்டைகள் ஒரு சாண் உயரம் இருந்தன.

பெல்ட்டை மாட்டினேன். அண்ணாச்சி ஃபேனை அணைத்துவிட்டு, "மிக்ஸியப் போட்டுராத!" என்று அடுக்களையைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னைக்கும் சட்னி கிடையாதா?" என்றது மனைவியின் குரல்.

"நீரும் மூச்சப் பிடிச்சுக்கிடும் வே," என்றார் என்னிடம்.

பிடித்துக்கொண்டேன். சுவரில் படம் வந்தது. ஓடும் பஸ்ஸுக்குள் கதாநாயகன் நின்றபடி பாடினான். படம் ஆடத்தான் செய்தது.

"அண்ணாச்சி, இது பஸ்ஸுக்குள்ள வச்சு எடுத்தது. ஆடத்தானே செய்யும்?"

அடுக்களையில் மிக்ஸி ஜாருக்குள் தேங்காய்ச் சில்லுகள் நம்பிக்கையோடு விழும் சத்தம் கேட்டது.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "பஸ்ஸுல போறவனுக்கு ஆடும் வே. நாம வீட்டுலல்லா இருக்கோம்?"

தேங்காய் விழுவது நின்றது. ஒரு அட்டையை மடித்துக் கொடுத்தேன்.

சிவகிரிக்குத் திரும்பும்போது பஸ் கண்டபடி குலுங்கியது. எந்தப் பக்கம் அட்டை வைத்தால் ஆட்டம் நிற்கும் என்று ஊர் வரும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.