லேசருக்குப் பிறகு வெயில்

பள்ளிக்கூடம் விட்ட வயதில் எனக்குத் தாடையில் முடி முளைக்கத் தொடங்கியது. முதலில் வலது பக்கம், எலும்பை ஒட்டி, பிறகு இடது பக்கம், கடைசியாக மேலுதட்டில். பூனை முடி இல்லை. ஆண்களுக்கு இருப்பது போன்ற தடித்த கறுப்பு முடி. அம்மா கஸ்தூரி மஞ்சளைக் குழைத்துப் பூசிப் பார்த்தார். பலன் இல்லை. நான் நூலாலும் இடுக்கியாலும் பிடுங்கிக்கொண்டேன். மலேசியாவில் ரெம்பாவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் குடியிருந்தோம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு ஒரே பொதுக்குழாய்தான். ஒருத்தி முகம் கழுவினால் நாலு பேர் பார்ப்பார்கள்.

செனாவாங்கில் மின்னணுத் தொழிற்சாலை வேலை கிடைத்தது. பஸ் தோட்டத்து வாசலுக்கே வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும். ஒருநாள் பின் சீட்டுப் பெண் ஒருத்தி, "அக்கா, எங்க அண்ணன் மீசைய நீங்க வாங்கிக்கிட்டீங்களா? அவருக்கு முளைக்கவே மாட்டேங்குதுலா" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தொழிற்சாலைக்குள் போய்விட்டால் நிம்மதி. தூசி படக்கூடாத அறை என்பதால் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை, மூக்கையும் தாடையையும் மூடும் துணி. சம்பளம் கூடுதலாகத் தருவதாகச் சொன்ன வேறு இடங்களுக்கு நான் போகாததற்கு அந்தத் துணிதான் காரணம்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் மேற்பார்வையாளரான மலாய்க்கார அம்மா என்னை அழைத்தார். புதிதாகச் சேரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், நான் செய்தால் நன்றாக இருக்கும் என்றார். இரவு ஷிப்ட் கிடையாது. ஆனால் அது வேறு கட்டடம், முகத்துணி கிடையாது. அறை நிறையப் பெண்களுக்கு முன்னால் நின்று பேச வேண்டும். அந்த வேலை எனக்கு வேண்டும் என்று அவர் சொல்லி முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. யோசித்துச் சொல்ல அவகாசம் கேட்டேன். கொடுத்தார்.

சிரம்பானில் ஒரு கிளினிக்கில் லேசரால் முடி அகற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சீன டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. ஒரு தடவையில் முடியாது. எல்லா முடியும் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. அந்த நேரத்தில் வளர்வதை மட்டுமே ஒளி பிடிக்கும். அதனால் மாதக் கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை வர வேண்டும். உடம்பின் சுரப்பிகளால் முளைக்கும் முடி என்றால் திரும்பவும் முளைக்கலாம். கறுத்த தோலில் ஒளி முடியோடு தோலையும் சுடக்கூடும். ஆகவே ஒளியின் வீரியத்தைக் குறைத்து, முதலில் சிறிய இடத்தில் சோதித்துப் பார்ப்பார். வேர் உள்ளே இருக்க வேண்டும் என்பதால் இனிப் பிடுங்கக் கூடாது, மழிக்கலாம். கடைசியாக, வெயில் படவே கூடாது. இதை மட்டும் தமிழ்த் தாதி தனியாக வெளியே வந்தும் சொன்னாள்: "வெயில்ல போயிடாதீங்க அக்கா. கருத்துடும்."

தோட்டத்துக் கடையில் சவரக் கத்தி வாங்க முடியாது. சிரம்பானுக்குப் போய் லோபாக் கடையொன்றில் வாங்கினேன். கடைக்காரர், வீட்டுக்காரருக்கா என்று கேட்டார். தம்பிக்கு என்றேன். எனக்குத் தம்பி கிடையாது.

சோதித்த இடம் கெடவில்லை என்று பார்த்த பிறகு முழுத் தாடைக்கும் செய்தார். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, தாடையில் குளிர்ந்த களிம்பு தடவினார்கள். ஒவ்வொரு அடியும் ரப்பர் வளையத்தை இழுத்துத் தோலில் விட்டது போல் இருந்தது. அறையெங்கும் கோழியை நெருப்பில் வாட்டும் வாடை. அன்றைக்குச் சிவந்து தடித்திருந்தது, பிறகு அடங்கியது. அடுத்த வாரத்தில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளிகள் மேலே வந்து, துண்டால் ஒற்றும்போது உதிர்ந்தன. தாடை வழவழப்பாகிவிட்டது. இது முடிவல்ல, மீண்டும் முளைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெரிந்தும் கண்ணாடியின் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன்.

அம்மா என் தாடையைத் தடவிப் பார்த்து அழுதார். பிறகுதான் சொன்னார்: என் முகம் தெளிந்தால் நான் பால்குடம் எடுப்பேன் என்று தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டியிருக்கிறார். திருவிழா அந்த மாதமே வந்தது. டாக்டர் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"ஆத்தா குடுத்தத வாங்கிக்கிட்டு, வெயிலப் பாத்து நிக்கிறியா புள்ள?"

"அடுத்த வருஷம் எடுக்கிறேன்மா."

"அடுத்த வருஷம் கோயில் இங்க இருக்குமா?"

வீடு கட்டத் தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி சொல்லியிருந்தார். பால்குடம் எடுக்கிறேன் என்றேன்.

ஆற்றிலிருந்து கோயிலுக்கு வரும் பாதை அம்மாவின் நினைவில் நிழலான பாதை. அவர் பால் வெட்டிய ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் நின்ற காலம் அது. அந்த மரங்களை அழித்து எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டிருந்தார்கள். கன்றுகள் என் இடுப்புயரம்கூட இல்லை. பூசாரி வர நேரமாகி, சூரியன் உச்சிக்கு வந்த பிறகுதான் புறப்பட்டோம். முகத்தில் மஞ்சள், தலையில் குடம், இரண்டு கையும் குடத்தில். குனியக்கூட முடியாது. அம்மா பக்கத்தில் வேப்பிலையோடு நடந்துவந்தார். வழியெல்லாம் ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை.

அன்று இரவே தாடை எரிந்தது. சில நாட்களில் கறுப்பு வட்டங்கள் எழுந்தன, லேசர் முனை பட்ட இடமெல்லாம், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரிசை வரிசையாக. அடுத்த முறைக்குப் போனபோது டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்துவிட்டு, இது மறையும்வரை தொட மாட்டேன் என்றார். எப்போது மறையும் என்று கேட்டேன். ஒரு வருடம் ஆகலாம், மறையாமலும் போகலாம் என்றார்.

தாதி மெதுவாகக் கேட்டாள்: "எங்கக்கா போனீங்க?"

"கோயிலுக்கு."

அவள் நெற்றியிலும் திருநீறு இருந்தது. அடுத்த ஆளைக் கூப்பிடப் போனாள்.

வட்டங்களுக்கு நடுவில் முடி திரும்ப முளைத்தது. முன்பு முடி மட்டும்தான் இருந்தது, மழித்தால் மறைந்தது. இப்போது மழித்தாலும் வட்டங்கள் தெரிந்தன. மேற்பார்வையாளரிடம் போய், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பொறுப்பான வேலை ஏற்க முடியாது என்று மலாயில் சொன்னேன். வருத்தம்தான் என்றார். பயிற்சி அறைக்கு வேறொருத்தியை எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு வேலை பழக்கியவள் நான்.

வீட்டில் அம்மா ஒருநாள், "நாம எதுல கொற வச்சோம்?" என்று கேட்டார். எதிலும் இல்லை என்றேன். வெயில்தான் என்று அவருக்குத் தெரியும். முன்பே சொல்லியிருந்தேனே. அந்தச் சொல்லை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். சோறு போடும்போது தட்டைப் பார்த்தார். பேசும்போது கதவைப் பார்த்தார். கடைசிவரை அப்படித்தான்.