பிரிவுக்கு நடுவே பதினொரு நாள்

சலவைக்கடைக்காரிக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. கறை போகாது என்றால் முகத்துக்கு நேரே சொல்லித் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அத்தனை கெட்டிக்காரி ஏழு வருஷமாக ஒரு தப்பை நம்பிக்கொண்டிருந்தாள். கை ஓங்கும் கணவனை விட்டுப் பிரிந்து வாழலாம் என்று நீதிமன்றம் கொடுத்த உத்தரவை லேமினேட் செய்து, கடை லைசென்ஸுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தாள். அதுதான் விவாகரத்து என்று அவளுக்கு நினைப்பு. படித்துப் பார்த்தவர்களும் வாயைத் திறக்கவில்லை, புண்ணியவான்கள்!

பள்ளி வேன் ஓட்டும் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். அவளுக்கும் ஆசைதான். உத்தரவைக் கழற்றி எடுத்துக்கொண்டு இருவரும் பதிவு அலுவலகம் போனார்கள்.

"இது பிரிஞ்சிருக்க அனுமதி மட்டும்தாம்மா. கல்யாணம் அப்படியேதான் இருக்கு. சட்டப்படி நீங்க இன்னும் அவர் மனைவி. விவாகரத்து வாங்காம இன்னொருத்தரைக் கட்ட முடியாது," என்றார் குமாஸ்தா.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுதுகொண்டு நிற்கவில்லை, அங்கிருந்து நேரே ஒரு வக்கீலம்மாவிடம் போனாள்.

"உத்தரவுக்கு அப்புறம் சேர்ந்து வாழலைன்னா அதையே காரணமா காட்டி விவாகரத்து கேக்கலாம். நடுவுல எப்பவாவது சேர்ந்தீங்களா?"

போன வருஷம் மஞ்சள் காமாலையோடு வாசலில் வந்து விழுந்த கணவனைப் பதினொரு நாள் வைத்துப் பார்த்திருந்தாள்.

"வரவே இல்லன்னு அடிச்சுச் சொல்லுடி," என்றாள் வீட்டில் இதைக் கேட்ட அவளுடைய அக்கா.

"பொய் சொல்லித்தான் விடுபடணும்னா எனக்கு வேணாம்க்கா. இரக்கப்பட்டதுக்கு நான் ஏன் ஒளியணும்?"

விசாரணையன்று கணவன் கூசாமல் சொன்னான்: "நாங்க சேர்ந்துட்டோம் ஐயா. பதினொரு நாள் அவகூடத்தான் இருந்தேன்."

நீதிபதி அவள் பக்கம் திரும்பினார். "வந்து தங்கினாரா?"

"தங்கினாருங்க. கடைக்குள்ள படுக்க வச்சுக் கஞ்சி கொடுத்தேன், மருந்து கொடுத்தேன். நான் உள் அறையில தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுத் தூங்கினேன். அந்தக் கதவு ஒரு நாளாவது திறந்துச்சான்னு அவரையே கேளுங்க."

நீதிபதி கேட்டார். வாயைத் திறந்தால் புளுகும் மனுஷன், அன்றைக்குத் திறந்த வாயோடு நின்றான். அவள் கண் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க," என்றான் கடைசியில். "ஒரு நாளும் திறக்கல."

நீதிபதி விவாகரத்து உத்தரவை எழுத ஆரம்பித்தார்.