பிள்ளையார் சுழி போட்ட வாக்கு

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் கணவர், மகள், கணவரோடு பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை செய்த அண்ணை, வாக்கு வாங்க கொம்யூனிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, வந்த ஒரு பெண், அவரோடு வந்த இன்னொரு பெண். வேறு ஒருவரும் இல்லை. இதைத் திருத்தமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் கணவர் வாக்கு எழுதிய அந்தத் தாளைக் கண்ணால் கண்டவர்கள் யாரும் உண்டா என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவரைத் தவிர யாரும் காணவில்லை.

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில். லிப்ட் இல்லை. நுரையீரல் பழுதாகி மூக்கில் ஒக்சிஜன் குழாயோடு இருந்த என் கணவரால் படியிறங்க ஏலாது. அப்படியானவர்களிடம் வீட்டுக்கே வந்து கடித வாக்கு வாங்குவார்கள் என்று கண்டுபிடித்து விண்ணப்பித்தது மகள். அதற்கு முந்திய வருடம்தான் அவருக்கு டேனிஷ் குடியுரிமை கிடைத்திருந்தது. குடியுரிமை இல்லாதவர்களும் கொம்யூன் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆனால் அதை அவர் கணக்கில் எடுப்பதில்லை. குப்பை வண்டி நேரத்துக்கு வரப் போடுகிற வாக்கு அது என்பார். பாராளுமன்றத்துக்கு ஒரு வாக்கு, அதுவும் தன் கையால் போட்டது, எண்ணப்பட வேண்டும். அதுதான் அவருடைய ஆசை.

இலங்கையில், ஊரில் இருந்தபோது ஒரேயொரு தடவை வாக்குப் போடப் போயிருக்கிறார். வெயிலில் வரிசையில் நின்று உள்ளே போனால், அவருடைய பெயருக்கு மேல் ஏற்கெனவே கோடு கிழித்திருந்ததாம். வேறு யாரோ போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கல்யாணம் கட்டிய நாள் தொடங்கி இந்தக் கதையை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வந்த பெண்கள் எங்களைக் குசினிக்குள் போகச் சொல்லிவிட்டு, தாங்களும் யன்னல் பக்கம் திரும்பி நின்றார்கள். கடித வாக்கில் பெயருக்கு நேரே புள்ளடி போடுவதில்லை. வெறுந்தாளில் கட்சிக்குரிய அடையாள எழுத்தையோ ஆளின் பெயரையோ கையால் எழுதி, உறையில் வைத்து ஒட்டிக் கொடுக்க வேண்டும். குசினிக்குள் அண்ணை, "அவன் பண்டிக்கு எழுதினாலும் எழுதுவான், இவ்வளவு காலம் சோறு போட்ட நன்றிக்கடன்" என்று குசுகுசுக்க, மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேத்தண்ணி கொடுக்கலாமா, கொடுத்தால் லஞ்சம் என்று நினைப்பார்களா என்று கேத்திலைப் பிடித்தபடி நின்றேன்.

அவர்கள் போன பிறகு கதிரையில் சாய்ந்திருந்தவரின் முகத்தில், பல மாதங்களாக நான் காணாத ஒரு தெளிவு.

"பிள்ளையார் சுழி போட்டுத்தான் எழுதினனான்" என்றார்.

கடைக்குச் சாமான் எழுதும் துண்டிலும் சுழி போடுகிற மனிதர். வெறுந்தாளைக் கண்டால் கை தானாகப் போகும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சட்டம் எதுவும் எனக்குத் தெரியாது. ஆனாலும், வாக்குத் தாளில் அப்படிப் போடலாமா என்று மகளைப் பார்த்தேன். அவள் போனில் நெடுநேரம் வாசித்தாள்.

"அப்பா, அந்தத் தாளிலை வேறை அடையாளம் ஒண்டும் இருக்கக்கூடாதாம். சிலவேளை செல்லாமல் போகும்."

"அது அடையாளம் இல்லைப் பிள்ளை. அது பிள்ளையார்."

திரும்பவும் எழுதலாம், கடைசியாக எழுதியதைத்தான் எடுப்பார்கள் என்றாள் மகள். ஆனால் வீட்டுக்கு வருகிற நாள் முடிந்துவிட்டது. இனி கடித வாக்கு எடுக்கும் நூலகத்துக்குத்தான் போக வேண்டும். கதிரையோடு தூக்கிக்கொண்டு இறக்குகிறேன் என்று அண்ணை நின்றார். என்னைக் காவிக்கொண்டு படியிறங்கினால் வாக்குக்கு முதல் நான் போய்விடுவேன் என்று சொல்லி இவர் மறுத்துவிட்டார்.

தேர்தல் முடிந்ததும், தெரிந்த அரைகுறை டேனிஷில் நானே கொம்யூனுக்கு போன் எடுத்தேன். உறை வந்து சேர்ந்தது, ஏற்றுக்கொள்ளப்பட்டது, அதுவரை தன்னால் சொல்ல முடியும் என்றார் பேசிய பெண். உறையைத் திறந்ததும் தாள் மற்றத் தாள்களோடு கலந்துவிடும். யாருடையதை எண்ணினார்கள், யாருடையதைத் தள்ளினார்கள் என்று பிறகு யாராலும் சொல்ல ஏலாது. வாக்கு இரகசியம் என்றால் அதுதானே என்றார். மேலே சின்னதாகச் சுழித்த ஒரு கோடு இருந்ததா என்று கேட்டேன். எண்ணியிருப்பார்கள் என்று நம்புகிறேன் என்று மிகவும் தன்மையாகச் சொன்னார். அந்தத் தன்மைதான் என்னை அழவைத்தது. எங்கள் வாக்களிப்பு நிலையத்தில் செல்லாமல் போன வாக்குகளும் சில இருந்தன என்று மகள் வலைத்தளத்தில் காட்டினாள். அந்தச் சிலவற்றுக்குள் அவருடையதும் கிடக்கிறதா என்று கண் வலிக்கும்வரை பார்த்தேன்.

அப்போது அவர் ஆஸ்பத்திரியில். கட்டிலருகே போய் இருந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்னவாம்?"

"உறை போய்ச் சேந்ததாம். எண்ணினதோ இல்லையோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம்" என்றேன்.

அவர் மூக்குக் குழாயை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"அங்கை என்ரை வோட்டை எண்ணினவங்கள், ஆனா நான் போடேல்லை. இஞ்சை நான் போட்டனான்..."

இருமல் வந்துவிட்டது. முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை. அந்தக் கிழமையே போய்விட்டார்.

அவருடைய குடியுரிமை விண்ணப்பத்துக்குக் கட்டிய காசு அண்ணை தந்தது. நான் துப்புரவு வேலைக்குப் போகும் சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் கொடுத்து வருகிறேன். "விடு தங்கச்சி, அவன் ஒரு வோட்டுப் போடத்தானே குடுத்தனான், போட்டிட்டான்" என்று ஒவ்வொரு தடவையும் கையைத் தள்ளுகிறார். போட்டது சரி, எண்ணினார்களா என்று கேட்டால் தேத்தண்ணி வைக்க எழும்பிவிடுவார். காசை மேசையில் வைத்துவிட்டு வருகிறேன். இன்னும் ஆயிரத்து நானூறு குரோணர் கொடுக்கக் கிடக்கிறது.