முகவரி: மேற்படி

அப்பா தன் வாடகை வானைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தின் கல்விச் சுற்றுலாவுக்காகக் குறிப்பு அடித்துக்கொண்டிருந்தேன். வரலாற்றில் பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் மகளை அப்பா பயன்படுத்தும் விதம் அது. வான் கேட்டு வரும் ஆசிரியர்களிடம், "குறிப்பு என்ர மகள் எழுதித் தருவா" என்று தானாகவே சொல்லிவிடுவார். அடுத்த புதன்கிழமைப் பயணத்தில் இரண்டு இடங்கள். கற்சிலைமடுவில் ஒரு நினைவுக்கல், வவுனியாவில் ஒரு சின்ன அருங்காட்சியகம்.

"அந்த மியூசியத்தில என்ன கிடக்குது அப்பா?"

"கல்லுகள். ஆனா புத்தகம் நல்லம்."

புத்தகம் என்று அவர் சொன்னது, பார்க்க வருகிறவர்கள் பெயர் எழுதும் புத்தகத்தை. பிள்ளைகள் சுற்றிப் பார்க்கும் நேரத்தில் அப்பா உள்ளே போவதில்லை. வாசல் கதிரையில் உட்கார்ந்து, விரலை நக்கி நக்கி, அந்தப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வாசிப்பார். எந்த ஊரார், என்ன கருத்து எழுதினார்கள் என்பதை வீட்டுக்கு வந்து, அம்மா சமைக்கும் குசினிக் கதவில் சாய்ந்து நின்று ஒப்பிப்பார். "ஒருத்தன் எழுதியிருக்கிறான், 'சிலைகளுக்குத் தலையும் இருந்தால் இன்னும் நன்று' எண்டு." அம்மாவுக்குச் சிரிப்பு அடங்காது.

"கம்பீரமாகக் காட்சியளிக்கும் இக்கல்" என்று அடித்த இடத்தில் என் கை நின்றது. அந்தக் கல்லை நான் கண்டதே இல்லை. கம்பீரமா, முழங்கால் உயரமா, எனக்கு எப்படித் தெரியும்? போய்ப் பார்க்க வேண்டும். அந்த எண்ணம் வந்த கையோடு அடுத்ததும் வந்தது. தனியாக ஏன் போக வேண்டும்?

கூட்டிக்கொண்டு போக அவர் இருந்தார், கனகராயன்குளத்தார். கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுநர். நாங்கள் விரும்புகிறோம் என்பது என் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய தாத்தா மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து, குளத்துக்குக் கீழே வயற்காணி கிடைத்து விசுவமடுவுக்கு வந்தவர். இரண்டு பேரும் வந்தவர்கள்தான். ஆனால் அப்பாவின் மனதில் அந்த இரண்டு வருகையும் ஒன்றல்ல. அவருடைய சொந்தத் தம்பியின் மகள் மலையகத்துக் குடும்பமொன்றில் கலியாணம் செய்தபோது அப்பாதான் வாடகைக்கு, அவருடைய பாஷையில் ஹயருக்கு, வான் ஓடினார். மண்டபத்துக்குள் கால் வைக்கவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. வானுக்குள்ளேயே இருந்தார். "ஹயர் வேற, உறவு வேற" என்றார். அன்றிலிருந்து தம்பியோடு கதையில்லை. எனக்கும் அதுதான் நடக்கும் என்று பயந்தேன். அடிக்கமாட்டார், கத்தமாட்டார். கதையை நிறுத்திவிடுவார். குசினிக் கதவில் சாய்ந்து நின்று என் முகம் பாராமல் அம்மாவோடு மட்டும் கதைக்கும் அப்பாவை நினைத்தால், சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு கதை தொடங்கிவிடுவேன்.

சனிக்கிழமை அப்பாவுக்குக் கிளிநொச்சியில் கலியாண ஹயர். நாங்கள் போவது எதிர்த் திசை. அம்மாவிடம் தோழி வீடு என்று சொல்லிவிட்டுப் புதுக்குடியிருப்புக்கு பஸ் ஏறினேன். அவர் மோட்டார் சைக்கிளோடும் இரண்டு ஹெல்மெட்டோடும் நின்றார். ஹெல்மெட்டுக்குள் நான் ஒருவருடைய மகளும் இல்லை. கழற்றினால்தான் பயம்.

கற்சிலைமடுவில் கழற்றாமலே நின்றேன்.

"கல்லுக்கு முன்னால ஹெல்மெட்டோட நிக்கிற முதல் ஆராய்ச்சியாளர் நீர்தான்" என்றார்.

வன்னியின் கடைசி அரசன் இங்கே தோற்றான் என்று, தோற்கடித்த வெள்ளைக்காரன் எழுதி நட்ட கல்லின் இடம் அது. வென்றவன் தன் பெருமைக்கு எழுதினான். அதை வைத்துத்தான் எங்கள் ஆள் எங்கே நின்று சண்டை பிடித்தான் என்று எங்களுக்குத் தெரிகிறது. எழுதிவிட்டால் முடிந்தது, எழுதினவனே நினைத்தாலும் அதை ஊமையாக்க முடியாது என்று நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

"லெக்சர் முடிஞ்சுதோ? பின்னால ஒரு ஓட்டோ வருது."

நான் கல்லுக்குப் பின்னால் குனிந்தேன். நாயாற்று மீன் ஏற்றிய ஓட்டோ, ஹோர்ன் அடித்தபடி எங்களைத் திரும்பியும் பாராமல் போனது. ஒளிந்த இடத்திலேயே, குனிந்தால் மறைக்கும் உயரம்தான் இது, "கம்பீரமாக" என்பதை வெட்ட வேண்டும் என்றும் நினைத்தேன்.

மாங்குளத்தில் ஏ-ஒன்பது வீதிக்கு ஏறித் தெற்கே திரும்பினோம். சிறிது தூரம்தான் போயிருப்போம். பின்னாலிருந்து ஒரு ஹோர்ன் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. விசுவமடுவில் நாய்க்கும் தெரிந்த ஹோர்ன் அது. என் விரல்கள் அவருடைய சேர்ட்டைப் பிடித்தபடி மரத்துவிட்டன. கலியாணம் கிளிநொச்சியில்தான். ஆனால் மாப்பிள்ளை வீட்டாரை வவுனியாவிலிருந்து ஏற்றி வரவேண்டும் என்று அப்பா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வான் எங்களுக்குப் பக்கத்தில் வந்தது. வேகத்தைக் குறைத்தது. இடப்பக்கக் கண்ணாடி இறங்கியிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பா எங்கள் பக்கமாகச் சரிந்தார்.

"தம்பி! தங்கச்சியின்ர ஷோல் சில்லுக்க போகுது! நிப்பாட்டும், நிப்பாட்டும்!"

"ஆமா... ஆமாங்க!" என்று கத்திக்கொண்டு அவர் பிரேக் பிடித்தார்.

மற்ற நேரமெல்லாம் எங்களைப் போல "ஓம்" என்றுதான் சொல்வார். பயந்தால் மட்டும் அவருடைய அம்மாவின் "ஆமா" வந்துவிடும். நான் ஷோலை இழுத்தேன். நுனியைச் சங்கிலி கடித்திருந்தது. கறுப்பு கிறீஸ் ஒரு சாண் நீளத்துக்கு. முன்னால் வானின் சிவப்பு லைற்றுகள் எரிந்தன. அப்பா நின்றுவிட்டார். இறங்கி வந்து உதவி செய்யப் போகிறார். முன்பின் தெரியாதவர்களுக்கு இறங்கி உதவும் மனிதர் அவர். கதவு திறக்கிறதா என்று பார்த்தேன். இவர் கையை உயர்த்திக் காட்டினார், எல்லாம் சரி என்று. லைற் அணைந்தது. வான் போனது.

"நல்ல மனுசன்" என்றார் இவர். "ஆரெண்டு தெரியுமோ?"

"என்ர அப்பா."

மோட்டார் சைக்கிள் எஞ்சின் தானாக நின்றது.

"அப்ப நீர் இதில போம். நான் நடந்து வாறன்."

சிரிப்பு வரவில்லை. எனக்கு மட்டுமில்லை, சொன்னவருக்கும். கிளிநொச்சிக் கலியாணத்துக்கு வான் இதே வீதியால் திரும்பத்தான் வேண்டும்; நாங்கள் திரும்பிப் போனால் எந்த இடத்தில் பின்னால் வந்து பிடிக்கும் என்று தெரியாது. முன்னால் போனால் எதிரே வரும். கனகராயன்குளத்தில் பூட்டிக் கிடந்த ஒரு கடைக்குப் பின்னால் ஒதுங்கினோம். அவருடைய சொந்த ஊரில், அவரும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. இரண்டு பேரும் அந்த வெயிலில் வேர்த்து ஒழுக ஒழுக வீதியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் வான் வடக்கே திரும்பிப் போனது. உள்ளே பட்டுச்சேலைகள், யன்னலில் ஒரு மாலை.

இனி அப்பா கிளிநொச்சியில். வீதி எங்களுடையது. அந்த ஆறுதல்தான் என்னைக் கெடுத்தது.

அருங்காட்சியகத்தில் பத்து நிமிடம் நான் எதற்கும் பயப்படவில்லை. அன்று முழுவதிலும் அந்தப் பத்து நிமிடம்தான். வாசலில் இருந்த அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "முதல் பேரை எழுதுங்கோ" என்று புத்தகத்தைத் தள்ளினா. திகதி, பெயர், முகவரி, கருத்து என்று நான்கு நிரல்கள். ஆவணம் ஒன்றில் அரைகுறையாக எழுதக்கூடாது என்று படித்தவள் நான். என் முழுப் பெயர், வீட்டு முகவரி முழுவதும். உள்ளே பார்க்க முன்பே கருத்தும் எழுதினேன்: "மிக நன்று. மீண்டும் வருவோம்." பேனாவை அவரிடம் கொடுத்தேன். அவர் எழுதி முடித்ததும், எதையும் படம் எடுக்கும் பழக்கத்தில் பக்கத்தைத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

தலையில்லாத சிலைகள், சுடுமண் உருவங்கள். எது எந்த ஊரில் கிடைத்தது என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

"இதுகளும் இடம்பெயர்ந்து வந்ததுகள்தான்" என்றார் அவர்.

பிறகு ஒரு தேத்தண்ணிக் கடை. குறிப்புக்கு எந்தப் படம் நல்லது என்று பார்க்கத் தொலைபேசியை எடுத்தேன். சிலை, சிலை, சிலை, பிறகு அந்தப் பக்கம். விரலால் பெரிதாக்கினேன்.

என் பெயருக்குக் கீழே அவருடைய பெயர், அழகான எழுதுநர் கையெழுத்தில். முகவரி என்ற நிரலில்: மேற்படி. கருத்து என்ற நிரலில்: மேற்படி.

"இதென்ன?"

"உம்மட விலாசம் நீளம். சங்கத்தில ஒரே வீட்டு ஆக்களுக்கு நாங்கள் அப்பிடித்தான் போடுறது..." சொல்லும்போதே அவருடைய குரல் இறங்கியது.

"புதன்கிழமை அப்பா அந்தக் கதிரையில இருப்பார்" என்றேன். "புத்தகத்தைப் பின்னால இருந்து வாசிப்பார்."

சொந்த மகளின் பெயர். சொந்த வீட்டு முகவரி. அதே வீட்டில் குடியிருக்கும், தான் கண்டறியாத ஓர் ஆம்பிளை. போதாததற்கு, மீண்டும் "வருவோம்". தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் எழும்பி ஓடினோம்.

"அக்கா, அந்தப் புத்தகத்தில ஒரு பிழை. திருத்தலாமோ?"

"என்ன பிழை?"

"அட்ரஸ்."

"உங்கட அட்ரஸ் உங்களுக்குத் தெரியாதோ?"

"என்ர இல்லை. இவற்ர."

அக்கா பக்கத்தைப் பார்த்தா. "அப்ப இவர் எங்க இருக்கிறவர்?"

"கனகராயன்குளம்" என்றார் அவர், பரீட்சையில் எழுந்து நிற்பவரைப் போல.

அக்கா என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா, என் ஷோலில் இருந்த கிறீஸைப் பார்த்தா. "ம்ம்" என்றா. பிறகு, "வெட்டலாம் பிள்ளை. ஆனா வெட்டினா பக்கத்தில கையெழுத்து வைக்கோணும். ஏன் வெட்டினது எண்டும் ஒரு வரி எழுதோணும். பக்கத்துக்கு நம்பர் இருக்கு, இது என்ர பொறுப்பு."

ஏன் வெட்டினேன் என்று என்ன எழுதுவது? "இவர் எங்கள் வீட்டில் வசிப்பவர் அல்ல" என்றா? அதை அப்பா இரண்டு தரம் வாசிப்பார்.

அப்போது வேறு ஆட்கள் வந்தார்கள். அக்கா அவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனா. புத்தகம் எங்களுக்கு முன்னால் திறந்து கிடந்தது. நான் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தேன். காலையில் கல்லுக்கு முன்னால் நின்று, எழுதினதை ஊமையாக்க முடியாது என்று கையை ஆட்டினவள் நான்தான். இப்போது அதே கை கடதாசியை மடித்து, நகத்தால் மடிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. இழுத்தால் சத்தம் வருமா என்பதுதான் என் ஒரே யோசனை.

அவர் உள்ளங்கையைப் பக்கத்தின் மேல் வைத்தார்.

"கிழிக்காதீங்க."

"நீர்" இல்லை, "நீங்க". அவரும் பயந்துதான் போயிருந்தார்.

"நான் விளையாட்டாத்தான் போட்டன்" என்றார். "ஆனா தாத்தாவுக்கு எழுத ஒரு விலாசமே இருந்ததில்லை. தோட்டத்தில லயத்து அறை நம்பர்தான். இப்ப என்ர பேர் உங்க வீட்டு விலாசத்தில கிடக்கு. அதைக் கிழிச்சா விளையாட்டில்லை."

நான் கையை எடுத்தேன். மடிப்பு அப்படியே நின்றது. அதை நீவி நீவிப் பார்த்தேன், போகவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், ஹோர்ன் கேட்ட ஒவ்வொரு தடவையும் அவருடைய முதுகு விறைத்தது.

அன்று பின்னேரம் அப்பா குசினிக் கதவில் சாய்ந்தார்.

"இண்டைக்கு ஒரு பெட்டையின்ர உயிரைக் காப்பாத்தினன். ஷோல் சங்கிலிக்க போகுது, அது தெரியாமல் இருக்குது பெட்டை."

"ஆரின்ர பிள்ளையோ, பாவம்" என்றா அம்மா.

"ஆருக்குத் தெரியும். ஹெல்மெட். பெடியன் 'ஆமாங்க' எண்டான், மலையகத்துப் பெடியன் போல. ஆனா பொறுப்பான பெடியன். சொன்ன உடன நிப்பாட்டினான். எங்கட பெடியள் எண்டா என்னோட ரேஸ் ஓடியிருப்பாங்கள்."

சவர்க்காரம் போட்டும் போகாத கிறீஸோடு ஷோல் என் தலையணைக்குக் கீழே கிடந்தது. "பொறுப்பான பெடியன்" என்பதை நான் அறைக்குள் இருந்து கேட்டேன். வீதியில் சொன்ன நல்ல வார்த்தை வீட்டுக்குள் செல்லுமா? ஹயர் வேறு, உறவு வேறு.

ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கலாம். அப்பா நித்திரை. திங்கட்கிழமை சொல்லியிருக்கலாம். அப்பா நல்ல சிரிப்பில் இருந்தார், அதைக் கெடுக்கப் பயமாக இருந்தது. இன்று செவ்வாய். நாளை காலை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதற்காக, இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பா வான் கழுவ வருவார். குறிப்பில் "கம்பீரமாக" என்பதை வெட்டிவிட்டேன். வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டேன். கறை பட்ட ஷோலைப் போட்டிருக்கிறேன். இந்தக் கடைசி வரிகளை மூன்று தரம் அடித்து அழித்தாயிற்று.

எப்படித் தொடங்குவது என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். தொலைபேசியில் அந்தப் படம் இருக்கிறது. "அப்பா, நாளைக்கு நீங்கள் வாசிக்கிற புத்தகத்தில ஒரு பக்கத்தை நான் இண்டைக்கே வாசிக்கிறன், கேளுங்கோ" என்பேன். திகதி, பெயர், முகவரி, கருத்து என்று நிரல் நிரலாக, என் வரியை வாசிப்பேன். பிறகு அதற்குக் கீழே உள்ள வரியையும் சத்தமாக வாசிக்கப் பார்ப்பேன்.